கூலியும் காணிக்கையும்

நம் பங்கில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கின்றார். சிறுவர் முதல் முதியோர்வரை அனைவருக்கும் அவர் டீச்சரம்மாதான். மாதத்தின் முதல் ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் ஓய்வூதியர் நான்கைந்து பேர் கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில் கூடுவது வழக்கம். அப்போது டீச்சரம்மாவின் கையில் ஒரு கோப்பு இருக்கும். தம் ஓய்வூதியச் சீட்டுகளையெல்லாம் ஆண்டுவாரியாக அடுக்கி, நூல் கோத்து அதில் வைத்திருக்கின்றார். பள்ளிக்கூடப் பதிவேட்டை எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தாரோ, அவ்வளவு ஒழுங்காக இதையும் வைத்திருக்கின்றார்.

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் அவர் அக்கோப்பைத் திறந்து, ஒரு சீட்டில் இரண்டு வரிகளை நமக்குச் சுட்டிக் காட்டினார். வரவுப் பக்கத்தில், "மருத்துவப்படி ரூ. 300" என்றிருந்தது. பிடித்தப் பக்கத்தில், "ஓய்வூதியர் நலக் காப்பீடு ரூ. 497" என்றிருந்தது.

"பாருங்கள் ஃபாதர், அரசாங்கம் ஒரு கையால் முந்நூறு தருகிறது, மறு கையால் நானூற்றுத் தொண்ணூற்றேழு எடுத்துக்கொள்கிறது. மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றேழு என் சொந்தப் பணம். ஆனால் நான் குறை சொல்லவில்லை. இந்த இரண்டு வரிதான் என் வீட்டுக்காரர் உயிரைக் காப்பாற்றியது" என்றார்.

அன்று அதைச் சிரித்துக்கொண்டே கேட்டோம். அந்த இரண்டு வரிகள் நமக்குக் கற்பித்த பாடம் ஈராண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை. இதில் நம் தவறொன்றும் அடங்கியிருக்கின்றது. அதனை மறைக்காமல் சொல்வதே முறை.

*

முதலில் அந்த இரண்டு வரிகளின் கதை. தமிழ்நாட்டு அரசு தன் ஓய்வூதியர்களுக்கும் குடும்ப ஓய்வூதியர்களுக்கும் 2014 ஜூலையில் மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கியது. அப்போது மாதச் சந்தா 150 ரூபாய். 2018 ஜூலையில் அது 350 ரூபாயாயிற்று. 2022 ஜூலை முதல் 2026 ஜூன்வரை நான்காண்டுகளுக்கு வகுக்கப்பட்ட திட்டத்தில் 497 ரூபாயாக உயர்ந்தது. அந்நான்காண்டுகளுக்கும் சேர்த்து ஐந்து இலட்சம் ரூபாய்வரை, குறிப்பிட்ட சில கொடிய நோய்களுக்குப் பத்து இலட்சம்வரை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் ஓய்வூதியரும் அவர்தம் வாழ்க்கைத் துணையும் சிகிச்சை பெறலாம். பொதுத்துறையைச் சேர்ந்த யுனைடெட் இந்தியா நிறுவனம் காப்பீட்டை ஏற்றிருந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றோரும் இதில் அடங்குவர் என்பதால், நம் பங்கின் பழைய ஆசிரியர்கள் பலர் இதன் நிழலில் இருக்கின்றனர்.

டீச்சரம்மாவின் கணவருக்கு 2019-இல் இதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டது. கள்ளக்குறிச்சி அவ்வாண்டு நவம்பர் 26-ஆம் நாள்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகத் தொடக்கம் கண்டது. மருத்துவக் கல்லூரி அப்போது இங்கில்லை. இரவோடிரவாகச் சேலத்திற்குக் கொண்டு சென்றனர். பட்டியலில் இருந்த மருத்துவமனை என்பதால் அடையாள அட்டையைக் காட்டியவுடன் சேர்த்துக்கொண்டனர். கையிலிருந்து ஒரு தொகை செலவானது உண்மையே. ஆனால் நிலத்தை விற்கவில்லை, நகையை அடகு வைக்கவில்லை, மகனிடம் கையேந்தவில்லை. "என் மகனிடம் நான் கேட்கவில்லை ஃபாதர்" என்று அவர் சொன்னபோது குரலில் இருந்த நிமிர்வு இன்றும் நம் செவியில் ஒலிக்கின்றது.

முதுமையில் மருத்துவச் செலவுக்கு மட்டும் மனிதருக்குப் பணம் தேவைப்படுவதில்லை. பிறர் முன் தலை குனியாமல் நோயுறுவதற்கும் அது தேவைப்படுகின்றது.

*

ஓய்வு பெற்றவர் அனைவருக்கும் இவ்விரு வரிகள் வாய்ப்பதில்லை. வேப்பமரத்தடியில் கூடுவோரையே எடுத்துக்கொள்வோம். அஞ்சல் துறையில் இருந்தவருக்கு நடுவண் அரசு, தன் மருந்தகம் இல்லாத ஊரில் வாழ்வதால், 2017 முதல் மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி தருகின்றது. இராணுவத்தில் இருந்தவருக்கு 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் உண்டு. ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்த ஆலையில் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் வேலை செய்து, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் முன்பணமாகச் செலுத்தித் தமக்கும் துணைவிக்கும் மருத்துவ உதவி பெற விதி இருக்கின்றது. பலர் இவ்விதியை அறியாமலே காலம் கழிக்கின்றனர்.

இவர்களுக்கு அப்பால், சேமநிதி ஓய்வூதியம் மட்டுமே வாங்குவோர் இருக்கின்றனர். அதன் குறைந்த அளவு 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அத்தொகையில் அரிசி வாங்குவதா, மாத்திரை வாங்குவதா, காப்பீட்டுக்குப் பிரிமியம் கட்டுவதா?

மலைமேல் நிலைமை வேறு. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறினால், கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களைக் காணலாம். மரவள்ளியும் சாமையும் பயிரிட்டு, கடுக்காய் பொறுக்கி, ஆண்டில் பாதி நாள் வெளியூர் வேலைக்குப் போய் வாழும் அவர்களுக்கு ஓய்வு என்ற சொல்லே இல்லை. ஓய்வூதியம் எங்கிருந்து வரும்? ஆனால் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரி முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெற்று வரும் ஏற்பாட்டில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு அரசே பிரிமியத்தைச் செலுத்துகின்றது. உழைத்தவருக்கு வேலை கொடுத்தவர் கட்டுகின்றார். வேலை கொடுத்தவர் இன்னாரென்று சொல்ல முடியாதவருக்கு நாடே கட்டுகின்றது. இரண்டும் நல்ல ஏற்பாடுகளே.

இவ்விரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுவோரும் உண்டு. சிறு கடையில், சிறு பள்ளியில், நெல் அரைக்கும் ஆலையில், மரச்சிற்பக் கூடத்தில், நம் கோயில்களில் வேலை செய்வோர் அவர்கள். ஒருவரோ இருவரோ வேலை பார்க்கும் இடத்தைச் சேமநிதிச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் எட்டுவதில்லை. அங்கே முதலாளியின் மனச்சாட்சியே சட்டம்.

நம் உபதேசியார் அப்படிப்பட்டவர்.

*

முப்பத்தொரு ஆண்டுகள் அவர் மலைக் கிராமங்களில் நம் பங்கின் உபதேசியாராக இருந்தார். நாம் 2020-இல் இப்பங்கிற்குப் பொறுப்பேற்று வந்தபோது, மலைப்பாதையை நமக்குக் காட்டியவர் அவரே. பேருந்து போகாத காலத்தில் கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்றவர். செபம் சொல்லிக் கொடுப்பது அவர் வேலையில் கால் பங்குதான். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும், சாதிச் சான்றிதழுக்கு மனு எழுதுவதும், பேறுகால வேதனையில் துடித்தவளைத் தூளி கட்டி நால்வராய்ச் சுமந்து அடிவாரம் சேர்ப்பதும் அவருடைய மீதி முக்கால் பங்கு. மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்குவதற்காக மலைமக்களை வருமானச் சான்றுடன் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றவரும் அவரே.

2022-இல், அறுபத்திரண்டாம் வயதில், முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததால் ஓய்வு கேட்டார். பிரிவு விழாவில் சால்வை போர்த்தினோம். பணமுடிப்பு ஒன்றும் கொடுத்தோம். பங்குப் பேரவையில் டீச்சரம்மா எழுந்து, "சால்வை குளிருக்கு ஆகும். காய்ச்சலுக்கு என்ன செய்வார்?" என்று கேட்டார். அக்கேள்வி பேரவையை அசைத்தது.

பழைய விழா ஒன்றில் மிஞ்சிய நன்கொடை மூன்று இலட்சம் ரூபாய் வங்கியில் வைப்பாக இருந்தது. அதன் வட்டியைக் கொண்டு உபதேசியாருக்கும் அவர் மனைவிக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்து, ஆண்டுதோறும் பிரிமியத்தைப் பங்கே கட்டுவதென்று தீர்மானித்தோம். வட்டி ஏறத்தாழ 20,000 ரூபாய். பிரிமியம் 22,000 ரூபாய்க்குச் சற்று மேல். குறைவதைப் பங்குப் பொது நிதியிலிருந்து சேர்ப்பதென்று ஏற்பாடு. 2022 செப்டம்பர் 11-ஆம் நாள் பாலிசி தொடங்கிற்று. நாம் அதனை ஓர் உறையிலிட்டு அவரிடம் கொடுத்தபோது, இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். 2023-இல் உரிய நாளுக்கு முன்பே பிரிமியம் கட்டினோம்.

2024 வந்தது. செப்டம்பர் 8 அன்னையின் பிறப்பு விழா. நம் பங்கின் பெருவிழாவும் அதுவே. அவ்வாண்டு தேரின் அச்சு பழுதாகிவிட்டது. சக்கரம் இரண்டை மாற்ற வேண்டும் என்றார் தச்சர். ஒலிபெருக்கிக்கும் விளக்குகளுக்கும் முன்பணம் கேட்டனர். வட்டிப் பணம் பங்குக் கணக்கில்தான் வந்து விழுந்திருந்தது. தனிக் கணக்கு ஏதும் இல்லை. "விழா முடிந்ததும் காணிக்கை வரும், அதிலிருந்து கட்டிவிடலாம்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு, தேருக்குப் பணத்தைக் கொடுத்தோம். விழா சிறப்பாக நடந்தது. தேர் குலுங்காமல் வீதியில் உருண்டது. காணிக்கையும் வந்தது, அது மின்கட்டணத்துக்கும் பந்தலுக்கும் போயிற்று.

ஆண்டுப் பிரிமியத்துக்கு உரிய நாள் கடந்தாலும் முப்பது நாள் சலுகைக் காலம் உண்டு. அந்த நினைவே நம்மை அயர வைத்தது. பத்து நாள் போயிற்று. இருபது நாள் போயிற்று. அக்டோபர் செபமாலை மாதம். மலைக் கிராமங்களுக்கு மாறி மாறிச் சென்றுகொண்டிருந்தோம். ஒருநாள் மாலை நாட்காட்டியைப் பார்த்தபோது சலுகைக் காலம் முடிந்து ஒரு வாரமாகியிருந்தது. பாலிசி காலாவதியாகிவிட்டது.

அன்றே சென்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "புதிதாக ஒன்று எடுத்துவிட்டுச் சொல்லலாம்" என்று இன்னொரு தள்ளிவைப்பு.

*

பெரும்பாலான பாலிசிகளில் குடலிறக்கம், கண்புரை, மூலம் போன்ற சில நோய்களுக்கு முதல் இரண்டாண்டுகள் பணம் தரமாட்டார்கள். அதனைக் காத்திருப்புக் காலம் என்பர். உபதேசியாரின் பாலிசியிலும் அவ்விதி இருந்தது. அந்த இரண்டாண்டு எப்போது முடிந்தது தெரியுமா? 2024 செப்டம்பரில். நாம் தேர்ச் சக்கரத்துக்குப் பணம் கொடுத்த அதே மாதத்தில். இரண்டாண்டு கட்டிய பிரிமியம் பலன் தரத் தொடங்கும் வாசலில் நின்று, நாம் கதவைச் சாத்திவிட்டோம்.

அவ்வாண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கள்ளக்குறிச்சியிலும் மலையிலும் கனமழை. உபதேசியாரின் வீட்டுச் சுவர் ஒன்று நனைந்து சரிந்தது. சரிந்த கற்களை அவர் தாமே தூக்கி அடுக்கியிருக்கின்றார். பழைய குடலிறக்கம் அப்போது முற்றிற்று. வலி தாங்காமல் மகளோடு நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றார். நாம் கொடுத்த அதே உறையை எடுத்துச் சென்றார். வரவேற்பு மேசையில் இருந்தவர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது கட்டவே இல்லையே. முடிந்துபோய் இரண்டு மாதம் ஆகிறது" என்றாராம். சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தனர்.

அவர் ஒன்றும் பேசாமல் வீடு திரும்பினார். நம்மிடம் வரவில்லை. ஒருவரிடமும் சொல்லவுமில்லை. ஐந்து வாரம் கச்சையைக் கட்டிக்கொண்டு வலியோடு இருந்தார். கிறிஸ்து பிறப்பு விழாத் திருப்பலிக்கு வந்து, வழக்கமான தூணருகில், முழந்தாளிட முடியாமல் நின்றார். "முழங்கால் வலியா, உபதேசியாரே?" என்று நாம் கேட்டோம். "ஆமாங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புத்தாண்டுக்குப் பின் அவர் மகள் டீச்சரம்மாவிடம் அழுதபோதுதான் செய்தி நமக்கு எட்டிற்று.

சிறுவங்கூரில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கின்றது. 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்ட பதினொரு கல்லூரிகளுள் ஒன்று அது. அங்கே அவரைக் கொண்டு சேர்த்தோம். செலவின்றி அறுவைச் சிகிச்சை நடந்தது, நலமாகவும் நடந்தது. இறைவனுக்கு நன்றி. படுக்கையருகே அமர்ந்து, "அரசுக் காப்பீட்டு அட்டை உங்களிடம் ஏன் இல்லை? எத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள்!" என்று கேட்டோம்.

"எனக்குத்தான் சாமி பாலிசி எடுத்துக் கொடுத்திருந்தீங்களே. பங்கு பாத்துக்கும்னு இருந்துட்டேங்க" என்றார்.

மன்னிப்புக் கேட்டோம். "சாமிக்கு ஆயிரம் வேலை, இதுல என்னங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு, மலையில் மழைக்குப் பின் பாதை எப்படி இருக்கின்றது என்று விசாரித்தார். அவர் கடிந்து பேசியிருந்தால் நமக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

*

அந்த நாள்களில் குருமடத்தில் நம்மோடு சில காலம் பயின்று, பின்னர் வேறு வழி சென்று, அமெரிக்காவில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். இச்செய்தியை மனச்சுமையாக அவரிடம் சொன்னோம். அவர் தம் கதையைச் சொன்னார்.

அங்கே சில நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும், ஊழியர் வேலையில் இருக்கும்போதே அவர் பெயரில் மருத்துவத்துக்கென்று ஒரு கணக்கில் பணம் ஒதுக்கி வருமாம். ஓய்வுக்குப் பின் அப்பணத்தை ரொக்கமாக எடுத்து வீடு கட்ட முடியாது. கார் வாங்க முடியாது. மருத்துவச் செலவுக்கும் காப்பீட்டுப் பிரிமியத்துக்கும் மட்டுமே எடுக்கலாம். கட்டிய இரசீதை அனுப்பினால், அத்தொகை திரும்பி வரும். அதற்கு வருமான வரியும் இல்லை. அறுபத்தைந்து வயதானோருக்கு அந்நாட்டரசு நடத்தும் மெடிகேர் திட்டத்தில்கூட, மருத்துவர் சேவைக்கான பகுதிக்கு 2025-இல் பெரும்பாலோர் மாதம் 185 டாலர் பிரிமியம் கட்ட வேண்டியிருந்தது. நண்பர் அதனை அந்தக் கணக்கிலிருந்தே பெற்றுக்கொள்கின்றார்.

"ஆனால் ஒன்று கவனி" என்றார் அவர். "பணம் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். முதலாளியின் ஏட்டில் வெறும் எண்ணாக இருந்தால், முதலாளி நொடித்த அன்று எண்ணும் அழிந்துவிடும். தனி அறக்கட்டளையில் இருந்தால் நிற்கும்."

அவர் சொன்னதற்குச் சான்று வரலாற்றில் இருக்கின்றது. பெத்லகேம் ஸ்டீல் என்ற மாபெரும் உருக்கு நிறுவனம் 2001-இல் நொடித்தது. 2003 மார்ச்சில், ஓய்வு பெற்ற தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாருமாக ஏறத்தாழ 95,000 பேர் நிறுவனம் வாக்களித்திருந்த மருத்துவக் காப்பீட்டை இழந்தனர். ஆண்டவர் பிறந்த ஊரின் பெயரைத் தாங்கிய நிறுவனத்தில் முதியோருக்கு இடமில்லாமற் போயிற்று. இதற்கு மாறாக, மோட்டார் தொழிலாளர் சங்கம் 2007-இல் மூன்று பெரிய கார் நிறுவனங்களோடு உடன்பாடு செய்து, ஓய்வு பெற்றோரின் மருத்துவத்துக்கென்றே தனி அறக்கட்டளையை நிறுவிற்று. 2009-இல் அவற்றுள் இரண்டு நிறுவனங்கள் நொடிப்பு மன்றத்தின் படியேறின. ஆயினும் 2010 முதல் அந்த அறக்கட்டளை தன் பொறுப்பை ஏற்று நடத்தியது.

கேட்டுக்கொண்டிருந்த நமக்கு நம் பங்குக் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வந்தது. உருக்காலைக்கும் நமக்கும் என்ன வேற்றுமை? அவர்கள் கடன்காரருக்குக் கொடுத்தனர்; நாம் தேருக்குக் கொடுத்தோம். இரண்டிடத்திலும் போனது முதியவரின் பணம்.

*

பங்குப் பேரவை கூடியது. நாம் நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னோம். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் ஒருவர், "உபதேசியாருக்கென்று ஒரு ஞாயிறு தனிக் காணிக்கை எடுப்போம்" என்றார். இன்னொருவர் உடனே ஐயாயிரம் தருவதாகச் சொன்னார். நல்ல மனங்கள். நாமும் தலையசைத்தோம். டீச்சரம்மா மட்டும் எழுந்து நின்றார்.

"ஃபாதர், காணிக்கை வேறு, கூலி வேறு. காணிக்கை என்பது நான் விரும்பினால் தருவது. கூலி, அவர் செய்த வேலைக்கு நாம் தர வேண்டியது. முப்பத்தொரு வருடம் அவர் மலை ஏறியதற்கு நாம் கொடுத்த சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதில் பாக்கி இருக்கிறது. அந்தப் பாக்கிதான் இந்தப் பிரிமியம். பாக்கியைக் காணிக்கையாக மாற்றினால், அவர் ஒவ்வொரு வருடமும் நமக்கு நன்றி சொல்ல வேண்டி வரும். என் ஓய்வூதியச் சீட்டில் அந்த முந்நூறு ரூபாய் வருகிறது. அதற்காக நான் எந்த அதிகாரிக்கும் நன்றி சொல்வதில்லை. அது என்னுடையது."

குருமடத்தில் சமூகப் போதனையைப் படித்திருக்கின்றோம். பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளரைக் குறித்து எழுதிய சுற்றுமடலைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கின்றோம். இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய மடலில், கூலி என்பது மாதச் சம்பளத்தோடு முடிந்துவிடுவதில்லை என்றும், மருத்துவ உதவியும் முதுமைக்கால ஓய்வூதியமும் காப்பீடும் உழைப்பாளியின் உரிமைகளில் அடங்கும் என்றும் விளக்கியிருப்பதை, மறையுரையில் பலமுறை எடுத்துரைத்தும் இருக்கின்றோம். அவற்றையெல்லாம் ஆலை முதலாளிகளுக்கென்று எழுதப்பட்டவையாகவே எண்ணியிருந்தோம். நாமும் ஒரு முதலாளி என்பது, அந்த மாலையில் ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியை சொல்லித்தான் நமக்கு விளங்கிற்று.

அன்றே தீர்மானம் எழுதினோம். மூன்று இலட்சம் ரூபாய் வைப்பைப் பங்குக் கணக்கிலிருந்து பிரித்து, பங்குப் பணியாளர் மருத்துவ நிதி என்ற தனிக் கணக்கில் போட்டோம். உபதேசியாரோடு, கோயில்பிள்ளையும் சமையற்கார அம்மாவும் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் பணியில் இருக்கும்போதே மாதந்தோறும் பங்கு ஒரு தொகையை அதில் போட்டு வர வேண்டும். பிரிமியத்துக்கன்றி வேறெதற்கும் அதிலிருந்து காசு எடுக்கக் கூடாது. காசோலையில் கையெழுத்திடுவோர் பேரவை உறுப்பினர் இருவர். பங்குத்தந்தையின் கையெழுத்துக்கு அதில் இடமில்லை. அந்த விதியை நாமே எழுதினோம். நாம் மாற்றலாகிச் சென்ற பின்னும், நமக்குப் பின் வருபவருக்கும் தேர் பழுதாகும் அல்லவா?

உபதேசியாருக்குப் புதிய பாலிசி எடுக்கப்பட்டது. பழைய தொடர்ச்சி போய்விட்டது. காத்திருப்புக் காலம் மறுபடியும் முதலிலிருந்து. முன்பே இருந்த நோய்களுக்கு அது மூன்றாண்டுவரை நீளலாம். வயது கூடியதால் பிரிமியமும் கூடிற்று. நல்ல வேளையாக, 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறையில் முதியோருக்குப் பாலிசி மறுக்கும் வயது வரம்பு நீங்கியிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின்மேல் இருந்த 18 விழுக்காட்டு வரியும் நீக்கப்பட்டதால், அடுத்த ஆண்டுச் சுமை சற்றுக் குறைந்தது. அரசுக் காப்பீட்டு அட்டைக்கும் மனுச் செய்தோம். வருமானச் சான்று வாங்கக் கிராம நிர்வாக அலுவலகத்துக்கு நாமே அவரோடு சென்று வரிசையில் நின்றோம். முப்பத்தொரு ஆண்டுகள் பிறருக்காக நின்ற வரிசை அது.

*

அன்பு வாசகரே, உம்மில் ஓய்வூதியம் பெறுவோர் பலர் இருப்பீர். உம் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாரும். காப்பீட்டுப் பிடித்தம் இருக்கின்றதா, வாழ்க்கைத் துணையின் பெயர் அட்டையில் ஏறியிருக்கின்றதா, அருகிலுள்ள எந்த மருத்துவமனை பட்டியலில் உள்ளது என்பதை நோய் வருமுன் தெரிந்து வைப்பது நல்லது. நள்ளிரவில் பட்டியல் பார்க்க நேரமிராது. அவசரத்தில் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தாலும் மனம் தளர வேண்டாம். நடுவண் அரசு ஓய்வூதியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில், மருத்துவமனை பட்டியலில் இல்லை என்பதை மட்டுமே காரணமாக்கிச் செலவுத் தொகையை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்திருக்கின்றது. இரசீதுகளைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கே தீர்ப்பு உதவும். தாமே பிரிமியம் கட்டுவோர், கெடு நாளை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறிப்பீராக. சலுகைக் காலத்தை நம்ப வேண்டாம். அது நம்மை ஏமாற்றியது.

உம்மில் சிலர் பிறருக்கு வேலை கொடுப்போராயும் இருப்பீர். கடையில் இருபது ஆண்டுகளாய் நிற்கும் பையன் இன்று பையனல்லன். உம் வீட்டைத் துடைத்த அம்மாவின் இடுப்பு உம் வீட்டில்தான் தேய்ந்தது. அவர்கள் நின்றுபோகும் நாளில் ஒரு சேலையும் ஒரு கவரும் கொடுத்து அனுப்பி, மனம் நிறைந்து திரும்புகின்றோம். மாதம் ஒரு சிறு தொகையை அவர்கள் பெயரில் தனியே போட்டு வந்தால் என்ன? நம் பையிலேயே வைத்துக்கொண்டு பிறகு தரலாம் என்று எண்ணும் பணம் நம் தேருக்குத்தான் போகும். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு தேர் இருக்கின்றது.

நல்ல சமாரியன் உவமையை எத்தனையோ முறை விளக்கியிருக்கின்றோம். அடிபட்டவனின் காயத்தைக் கட்டியதையே பெரிதாகச் சொல்லி வந்தோம். இப்போது வாசிக்கும்போது கண்ணில் படுவது வேறு. அவன் புறப்படும் முன்பே சத்திரக்காரன் கையில் இரண்டு நாள் கூலிக்கு நிகரான பணத்தைக் கொடுத்துவிடுகின்றான். மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் தானே பொறுப்பேற்கின்றான். படுத்திருப்பவன் கணக்குக் கேட்கப்பட்டு வெட்கப்படாதபடி, பணம் அவனுக்கு முன்பே மேசையைச் சேர்ந்துவிட்டது. அவன் இரக்கத்தில் நேரந்தவறாமையும் இருந்தது.

சென்ற பெருவிழாவில் தேர் மறுபடியும் சற்றுக் குலுங்கிற்று. சக்கரம் மாற்றப் பணம் போதவில்லை. பழையதையே கட்டி ஓட்டினோம். உபதேசியார் ஊன்றுகோலோடு தேருக்குப் பின்னால் நடந்து வந்தார். "போன வருசம் மாதிரி இல்லீங்களே சாமி, தேரு ஆடுதே" என்றார்.

"ஆடட்டும் உபதேசியாரே" என்றோம்.